முதல் முறை கேம்ப் ஃபயர் போடுகிறீர்களா? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறவர்கள் தங்குமிடத்தில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "கேம்ப் ஃபயர் உண்டா?" என்பதுதான். உண்டு என்று சொல்லும் பல இடங்களில் நடப்பது இது: ஒருவர் வந்து நாலு கட்டையை அடுக்குவார், பாட்டிலில் இருக்கும் டீசலை ஊற்றுவார், கொளுத்திவிட்டுப் போய்விடுவார். பத்து நிமிடம் ஆளுயரத்துக்கு எரியும். எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். அப்புறம் மேலே கருகி உள்ளே ஈரமாகவே இருக்கும் கட்டையிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருக்கும். குளிர் காய வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அறைக்குத் திரும்புவார்கள்.

நம் பாட்டிகளுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஈர விறகையும் ஊதாங்குழலையும் வைத்துக்கொண்டு மழைக்காலத்திலும் மூன்று வேளை சமைத்தவர்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தக் கைப்பழக்கம் நம்மிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று முறை செய்தால் வந்துவிடும்.

ஆனால் நான் முதலில் கற்றுக்கொண்டது மூட்டுவதை அல்ல. சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் நண்பர்களோடு தங்கியிருந்தேன். இரவு பதினொன்றரை வரை தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வாளி தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தோம். சுர்ரென்று ஒரு சத்தம், ஒரு பெரிய வெள்ளைப் புகை, அப்புறம் இருட்டு. அணைந்துவிட்டது என்று படுத்தோம். காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தால் சாம்பலுக்கு நடுவே சிவப்பாக ஒன்று முழித்துக்கொண்டிருந்தது. விடியற்காலைக் காற்று கொஞ்சம் வீசியிருக்கிறது. நாங்கள் சுருட்டாமல் விட்டுப்போன கோரைப்பாயின் ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அதற்கு இரண்டு முழம் தள்ளி, சில்வர் ஓக் சருகு மெத்தை போலக் கிடந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து நான் தீ மூட்டுவதை அணைப்பதிலிருந்துதான் திட்டமிடுகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் விறகுக்கு முன் தண்ணீர் வருகிறது.

முதலில், அங்கே மூட்டலாமா?

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் மூட்டக்கூடாது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இரண்டுமே அங்கே தீ மூட்டுவதைக் குற்றமாகத்தான் பார்க்கின்றன. "சின்னதா டீ போட்டுக்கறோம் சார்" என்பதெல்லாம் எடுபடாது. உங்களுக்கு இருக்கும் இடம் பட்டா நிலம்தான்: தோட்டம், தங்கும் விடுதியின் வளாகம், உறவினரின் காடு கழனி. அங்கேயும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு எந்தப் பக்கம் காற்று அடிக்கும், எந்த ஓரத்தில் சருகு அதிகம் என்பதெல்லாம் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மாதமும் முக்கியம். நம் மலைகளில் பிப்ரவரி தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனது நினைவிருக்கும். காய்ந்த புல் நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அந்த மாதங்களில் பட்டா நிலமாக இருந்தாலும் நான் மூட்டுவதில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை, தரை பனியில் நனைந்திருக்கும் இரவுகள்தான் இதற்குத் தோதானவை. குளிர் காய்வதற்கும் அப்போதுதானே தேவை இருக்கிறது.

தண்ணீர், மண், இடம்

விறகைத் தொடும் முன் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர் என்றால் முப்பது லிட்டர். ஒரு சின்னத் தீயை முழுசாக அணைக்க அவ்வளவும் செலவாகும். பக்கத்தில் குழாய் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மலையில் ராத்திரி மோட்டார் ஓடாது, அல்லது கரண்ட் இருக்காது. குடத்தோடு ஒரு செம்பு அல்லது மக், ஒரு மண்வெட்டி, நனைத்த சாக்கு ஒன்று. சாக்கு எதற்கென்றால், பொறி தெறித்துப் புல்லில் பிடித்தால் அடித்து அணைக்க. யாராவது உடையில் தீப்பிடித்தால் சுற்றவும் அதுவே ஆகும்.

இடம் சமதளமாக இருக்கட்டும். தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். கிளை, மின்கம்பி, கொடி, ஷாமியானா எதுவும் இருக்கக்கூடாது. கூடாரம், கூரை, வண்டி எல்லாம் குறைந்தது பதினைந்தடி தள்ளி, காற்று வரும் பக்கமாக இருக்கட்டும். தீக்கு அந்தப்புறம் இருந்தால் பொறி நேராக அங்கேதான் போகும். இன்றைய கூடாரத் துணியில் ஒரு பொறி விழுந்தால் போதும், உருகி ஓட்டையாகிவிடும்.

அடுத்தது நடுவே இரண்டடி அகலத்துக்குத் தீ, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலடி வெறும் மண். பெருக்கினால் மட்டும் போதாது. மண்வெட்டியால் புல்லையும் வேரையும் செதுக்கிச் செம்மண் தெரிகிறவரை போக வேண்டும். காபித் தோட்டத்திலும் மரத்தடியிலும் மேலே இருப்பது மண்ணே அல்ல, மக்கிய இலை. கையில் எடுத்தால் காப்பித்தூள் மாதிரி உதிரும். அது எரியும். சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, வேர் வழியாகப் போய், மறுநாள் வேறொரு இடத்தில் தலைகாட்டும். அப்படிப்பட்ட தரையாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுக் களத்துமேட்டையோ வண்டிப்பாதையையோ தேடுங்கள்.

சுற்றிலும் கல் வைப்பது தீயைத் தடுக்க என்பதைவிட, கால் நீட்டுகிறவர்களுக்கு எல்லை காட்டத்தான் உதவும். எந்தக் கல் என்பதைக் கவனியுங்கள். ஓடையிலிருந்து அழகாக உருண்டையாக இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். அதன் நுண்ணிய துளைகளில் தண்ணீர் இருக்கும். சூட்டில் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லே வெடித்துச் சிதறும். காய்ந்த நிலத்தில் கிடக்கும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

விறகு

இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பெரிய கட்டை இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குச்சி குச்சியாகத் தீக்குச்சியைச் செலவழிப்பார்கள். தீ படியேறிப் போகும் சாமான். முதல் படி பஞ்சு போல, இரண்டாவது ஈர்க்குச்சித் தடிமன், மூன்றாவது விரல் தடிமன், நான்காவதுதான் மணிக்கட்டுத் தடிமன். ஒரு படியைத் தாவினாலும் அணைந்துவிடும்.

பஞ்சு போன்றதற்கு நம் ஊரில் குறைவே இல்லை. தென்னை மரத்தில் மட்டையின் அடியைச் சுற்றி வலை போல் இருக்குமே பன்னாடை, அதற்கு நிகரான பொருளை நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் கள் வடிகட்டியது, இப்போது தீ மூட்ட. காய்ந்த தேங்காய் நார், கிழித்த பனையோலை, சீவிய மரச் சுருள் எல்லாம் ஆகும். செய்தித்தாள் ஆகும், ஆனால் எரிந்த தாள் கருப்புச் சிறகு போல் மேலே பறக்கும், அது எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. கையில் எதுவும் இல்லையென்றால் கற்பூரம். ஈரத்திலும் எரியும், பூஜை சாமான் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. நான்கு வில்லை போதும்.

கட்டை காய்ந்ததா என்று சோதிக்க இரண்டு வழி. சுள்ளியை ஒடித்தால் 'படக்' என்று முறிய வேண்டும். வளைந்து நார் நாராகப் பிரிந்தால் அது பச்சை. பெரிய கட்டை இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது.

எந்த மரம் என்பதில் எனக்குச் சில விருப்பு வெறுப்புகள் உண்டு. சமவெளியில் சீமைக்கருவேல்தான் ராஜா. விவசாயிக்கு எதிரி, ஆனால் அடுப்புக்கு நண்பன்: நிதானமாக எரியும், நல்ல கங்கு விழும். முள்ளைக் கழித்துவிட்டு எடுங்கள். சவுக்கு நன்றாக எரியும், கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டுப் பக்கம் கவாத்து செய்த காபிக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். பார்க்க மெலிசாக இருக்கும், ஆனால் கனமான மரம். முருங்கை, இலவம் எல்லாம் வீண். தைல மர இலையைக் குவித்துப் போட்டால் அதிலிருக்கும் எண்ணெய்க்குச் சட்டென்று ஆளுயரம் எழும், முகத்துக்கு நேராக. மூங்கிலைக் கணுவோடு போட்டால் பட்டாசு போல வெடிக்கும், பிளந்துதான் போட வேண்டும்.

சிலவற்றைத் தொடவே கூடாது. அரளி முழுக்க விஷம், அதன் குச்சியில் சோளத்தைக் குத்திச் சுடுவதும் கூடாது. கடலோரக் கழிமுகங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் மட்டுமல்ல, புகையும் கண்ணைக் கெடுக்கும். சேங்கொட்டை மரத்துப் புகையும் அப்படித்தான், தோலில் கொப்புளம் போடும். பெயர் தெரியாத மரத்தை எரிக்காதீர்கள் என்பது எளிய விதி. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய நாற்காலி இவையும் வேண்டாம், அந்தப் பசையும் பெயின்ட்டும்தான் மூச்சில் போகும்.

மூன்று மணி நேரம் உட்கார என் கணக்கு ஏறக்குறைய பதினைந்து கிலோ விறகு. அதில் கால் பங்கு சுள்ளியாக இருக்க வேண்டும். உயிருள்ள மரத்தை வெட்ட வேண்டாம், எப்படியும் எரியாது.

அடுக்குவதும் பற்றவைப்பதும்

தரை ஈரமாக இருந்தால் விரல் தடிமன் குச்சிகளை நெருக்கமாகப் பரப்பி ஒரு மேடை செய்துகொள்ளுங்கள். அதன் மேல் இரண்டு கைப்பிடி பன்னாடை. அதைச் சுற்றி ஈர்க்குச்சித் தடிமன் சுள்ளிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்துங்கள், உச்சியில் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி. காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு கை நுழையும் அளவு வாசல் விடுங்கள். அதற்கு வெளியே விரல் தடிமன் குச்சிகள் இன்னொரு அடுக்கு. இறுக்கி அடுக்காதீர்கள், விரல் நுழையும் இடைவெளி வேண்டும். தீக்கு விறகைவிடக் காற்றுப் பசி அதிகம்.

காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தீக்குச்சியைக் கிழித்து, அதன் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடித்து, குச்சியில் சுவாலை ஏறிய பிறகு வாசல் வழியாக அடியில் வையுங்கள். மேலே வைத்தால் மேலேயே எரிந்து முடிந்துவிடும். பன்னாடை பிடித்ததும் வெள்ளைப் புகை கெட்டியாக வரும். பயப்பட வேண்டாம், அது மரத்து ஈரம். இப்போது ஊதலாம், ஆனால் மேலிருந்து அல்ல. தரையோடு தரையாகக் குனிந்து, நீளமாக, மெதுவாக, வாசலைப் பார்த்து ஊதுங்கள். சுள்ளிகள் சடசடவென்று பேச ஆரம்பிக்கும், புகை மெலியும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அடுத்த தடிமன். இரண்டு மூன்று விரல் தடிமன் குச்சி, அது பிடித்ததும் ஒரு மணிக்கட்டுக் கட்டை. பத்து நிமிடத்தில் தீ தன் காலில் நிற்கும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோலில் எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவி உங்கள் காலடிக்கே வந்து நிற்கும். நீங்கள் குச்சியைக் கிழிக்கிறபோது எரிவது விறகு மட்டுமாக இருக்காது. மங்கிய தீயில் ஊற்றினாலோ சுவாலை ஊற்றும் தாரையிலேயே ஏறிப் பாட்டிலுக்குள் வந்துவிடும். சானிடைசரும் அதே கதை. கூடுதலாக, அதன் சுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கையைச் சுட்டுக்கொள்வார்கள். டீசல், மண்ணெண்ணெய் இவ்வளவு மோசமில்லை என்பார்கள், ஆனால் அந்த நாற்றத்தில் சுட்ட கிழங்கை யார் சாப்பிடுவது?

எரிய விடுவது

முழங்கால் உயரத்துக்கு மேல் சுவாலை போகத் தேவையில்லை. பெரிய தீக்குப் பக்கத்தில் யாராலும் உட்கார முடியாது, முகம் பொசுங்கும், முதுகு குளிரும். சின்னத் தீக்குத்தான் நெருங்கி உட்கார்ந்து கையை நீட்ட முடியும்.

கட்டையை மேலே மேலே அடுக்குவதற்குப் பதில், விறகடுப்பில் செய்த மாதிரி சுற்றிலும் இருந்து நுனிகள் நடுவில் சேரும்படி வையுங்கள். நான்கைந்து நீளக் கட்டை போதும். நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும், தீயைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியே இழுக்க வேண்டும். பாட்டி சாதம் வடிக்கும்போது செய்தது இதுவேதான், அடுப்பின் குமிழைத் திருகுவது போல.

யாராவது ஒருவர் தீக்குப் பொறுப்பு. அவர் பாத்ரூம் போனால் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குடித்தவருக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். குழந்தைகளைக் கல் வளையத்திலிருந்து மூன்றடி தள்ளி ஒரு கோடு கிழித்து உட்காரவையுங்கள், கோட்டைத் தாண்டினால் அவுட் என்று விளையாட்டாகச் சொன்னால் கேட்கிறார்கள். பாலியஸ்டர் துப்பட்டா, நைலான் ஜாக்கெட் போட்டவர்கள் தள்ளியே இருக்கட்டும், அவை எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும். பருத்தி, கம்பளி தேவலை. சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எதையும் தீயில் போடாதீர்கள். பாடி ஸ்பிரே, கொசு மருந்து டப்பா காலியாக இருந்தாலும் வெடிக்கும்.

சுட்டுச் சாப்பிட நினைத்தால் சுவாலை அடங்கும்வரை பொறுங்கள். சமைப்பது கங்குதான். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலோடு கங்கின் ஓரத்தில் புதைத்து, மேலே சாம்பல் மூடி, பாதியில் ஒரு முறை புரட்டினால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். தோல் கருகி, ஓரத்தில் பாகு கசிந்து கொப்பளிக்கும். அதுதான் பதம். மக்காச்சோளத்தை உள்தோலோடு சுட்டால் காயாது.

யாருக்காவது சூடு பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். உடையில் பிடித்தால் ஓட விடாதீர்கள், கீழே படுக்கவைத்து உருட்டுங்கள், அந்த ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். பெரிய காயத்துக்கு 108, தீ கைமீறினால் 101.

இன்னொன்று, குளிர் தாங்கவில்லை என்று கங்கை ஒரு சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். மலை ஊர்களில் இப்படி விடியாமலே போனவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

அணைப்பது

படுக்கப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். மீதமுள்ள கட்டை எல்லாம் எரிந்து சாம்பலாகட்டும். பாதி எரிந்த கொள்ளிக்கட்டையை அணைப்பதுதான் கஷ்டம், அதன் வயிற்றுக்குள் நெருப்பு ஒளிந்துகொள்ளும். நாங்கள் அன்று ஏற்காட்டில் தப்பு செய்தது இங்கேதான். பதினோரு மணிக்குக்கூட ஒரு பெரிய கட்டையைப் போட்டிருந்தோம்.

நேரம் வந்ததும் குச்சியால் கங்கைக் கலைத்துப் பரப்புங்கள். செம்பில் தண்ணீர் எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தெளியுங்கள். வாளியோடு கவிழ்த்தால் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடிவிடும், சுடுசாம்பலும் ஆவியும் உங்கள் முகத்துக்கு வரும். தெளித்ததும் மண்வெட்டியால் கிளறுங்கள், கீழிருப்பது மேலே வர. மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். ஒவ்வொரு முறையும் சுர்ர் சத்தம் கேட்கும். சத்தம் நின்ற பிறகும் ஒரு சுற்று ஊற்றுங்கள். கொள்ளிக்கட்டை ஏதாவது இருந்தால் குடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எல்லாப் பக்கமும் நனைத்துச் சுரண்டுங்கள். வளையத்துக் கற்களையும் புரட்டுங்கள், அவற்றின் அடியில் கங்கு ஒதுங்கியிருக்கும்.

மண்ணைப் போட்டு மூடினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது அணைப்பது அல்ல, போர்வை போர்த்துவது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் தீ போட்டுவிட்டு மணலாலேயே மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அங்கே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

கடைசிச் சோதனை கையால். புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் மறுபடி தண்ணீர். தெரியவில்லை என்றால் மெல்ல இறக்கி, அப்புறம் விரலால் தொடுங்கள். உள்ளே விரலை விட்டாலும் சில்லென்று சேறு மாதிரி இருக்க வேண்டும். இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஆகும். நண்பர்கள் எல்லோரும் போர்வைக்குள் போய்விட்டிருப்பார்கள், நீங்கள் மட்டும் குளிரில் சேறு கிளறிக்கொண்டிருப்பீர்கள். பாயையும் நாற்காலியையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

காலையில் பல் துலக்கும் முன் போய் இன்னொரு முறை கிளறிப் பாருங்கள். இரண்டாவது குடத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தால், முகம் கழுவ எடுத்துக்கொள்ளலாம். நன்றாகக் குளிர்ந்திருக்கும்.